மோடம் போட்ட வீடு

எங்கள் வீட்டு இன்டர்நெட்டை நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டு ஆளுக்குக் காத்துக்கிடப்பதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் செய்வது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். ஓடும்.

இது மானப் பிரச்சினை. ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் சடையப்பனும் நானும் சாயங்காலத்தில் அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செஸ் ஆடுவோம். அவன் ராணியை நான் மடக்கப்போகும் நேரம் பார்த்து நெட் போய்விடும். பாதியில் போனவன் தோற்றவன்; அது ஆட்டத்தின் சட்டம். மறுநாள் டீக்கடையில், "கலியமூர்த்தி சார் நேத்தும் ஓடிட்டாரு" என்பான். ஆபீஸே சிரிக்கும்.

"சௌந்தரம், மோடம் சரியில்ல" என்றேன் மனைவியிடம்.

"மோடமா? வெளிய வெயில் கொளுத்துது மாமா."

"அந்த மழ மோடம் இல்ல. லைட்டு மினுக்குதே, இந்தப் பொட்டி. லைன் விட்டு விட்டு வருது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வயரு பீரோ பின்னாலதான போவுது? எலி கடிச்சிருக்கும்."

நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். பீரோவை இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த ஒட்டடை. வயரைக் கண்ணால் பார்ப்பதற்கே பெருக்க வேண்டியிருந்தது. பெருக்கினேன், துடைத்தேன், பீரோவைத் தள்ளி வைத்தேன். நெட் வந்துவிட்டது!

"பாத்தியா?"

"ஒங்க கைராசி மாமா."

மறுநாள் மறுபடி போனது. சடையப்பன் மறுபடி ஜெயித்தான்.

"பரண் வழியா ஒரு வயரு வருதே, அதப் பாத்தீங்களா?" என்றாள்.

பரணில் ஏறினேன். அண்டா, குண்டான், பழைய மெத்தை எல்லாம் இறங்கின. வயர் நன்றாகத்தான் இருந்தது.

"எறக்குனதுதான் எறக்குனீங்க, வெளக்கிட்டு ஏத்துங்க. பாத்திரத்துக் களிம்பு வயர்ல ஏறிடப் போவுது."

தர்க்கம் சரியாகத்தான் பட்டது. புளி போட்டு விளக்கிக் காயவைத்து ஏற்றினேன். கடைசி குண்டான் மேலே போனதும் மோடத்தில் பச்சை விளக்கு. எனக்குள் இப்படி ஒரு இன்ஜினியர் இருந்தது எனக்கே தெரியாது.

அடுத்த முறை போனபோது நானே முந்திக்கொண்டேன்.

"மாடியிலதான் கோளாறு. தேவனாம்பட்டினத்துக் கடக்காத்து நேரா நம்ம மேலதான் அடிக்குது. உப்பு புடிச்சிருக்கும்."

"அட, எனக்குத் தோணாமப் போச்சே!" என்று துடைப்பத்தை நீட்டினாள். "பாசியச் சொரண்டிட்டுப் பாருங்க."

"பாசிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க வழுக்கி விழுந்துட்டா வயர யாரு பாக்கறது?"

சுரண்டினேன். தண்ணீர்த் தொட்டியையும் கழுவினேன். அது என் சொந்த முயற்சி.

அதன்பிறகு நெட் போகவேயில்லை. சனிக்கிழமை சடையப்பனின் ராணியை வெட்டி, ராஜாவை மூலையில் முடக்கினேன். வீடே அதிரக் கத்தினேன்.

ஞாயிறன்று சிதம்பரத்திலிருந்து சௌந்தரத்தின் தங்கச்சி அருள்மொழியும் அவள் புருஷன் இளவரசும் விருந்துக்கு வந்தார்கள். அக்காவும் தங்கச்சியும் சமையல்கட்டில். நான் காபி டம்ளரைத் திருப்பித் தரப் போனேன். உள்ளே பேச்சுக்குரல்.

"வூடு கண்ணாடியாட்டம் இருக்குதே அக்கா! ஆள் வச்சியா?"

"ஆளு எதுக்குடி? நெட்டு லைன் டெலிபோன்லேருந்துதான வருது? அதுக்குப் பின்னால ஒரு வயரு இருக்கும் பாரு. அத லேசா இழுத்து வுட்டுட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாரு. மிச்சத்த அவுங்க பாத்துக்குவாங்க. முடிச்சதும் சொருவிடு."

உள்ளே போய் ஒரு சத்தம் போடலாம். போட்டால் இளவரசுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒருத்தர் பாக்கியில்லாமல் தெரியும், சடையப்பன் உட்பட. சத்தமில்லாமல் ஹாலுக்குத் திரும்பினேன்.

"சகல, நெட்ட நீங்களே சரி பண்ணிட்டீங்களாமே?" என்றான் இளவரசு, உண்மையான மரியாதையோடு.

"ஆமா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "எல்லாம் ஒரு அனுபவந்தான்."

புதன்கிழமை போன் அடித்தது. அருள்மொழி.

"மாமா, எங்க வூட்டு நெட்டும் விட்டு விட்டுத்தான் வருது. ஒரு நட வந்து பாருங்களேன். கோளாறு கெணத்துக்குள்ள இருக்கும்னு அக்கா சொல்லுது."