ஜம்புலிங்கம் வீட்டு ரேடியோவில் புகுந்த இரைச்சலாசுர வதைப் படலம்

வாழி! கெங்கையம்மனின் சிரசு திருவிழாதோறும் வலம்வரும் திருநகராம் குடியேற்றம் என்னும் குடியாத்தத்தில், கவுண்டன்யா நதி தண்ணீரை மறந்து மணலாகவே கிடக்கின்ற கரையினிலே, விசைத்தறிகளின் முழக்கம் வைகறையில் முரசறைய, கட்டம் போட்ட லுங்கிகளால் கடல்கடந்த நாட்டாரின் மானத்தையும் காத்த குலத்தில் உதித்த கோமான், நூற்கண்டு நாயகன், கஞ்சிப்பசை மணக்கும் மார்பினன், ஒருவரும் கேளாமலே யோசனை வழங்கும் வள்ளல், ஜம்புலிங்கம் வாழி! அவன் வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய ரேடியோவும் வாழி! அந்த ரேடியோவுக்குள் குடிபுகுந்து அவனைப் படாதபாடு படுத்திய இரைச்சல் மட்டும் நாசமாய்ப் போக.

அந்த நாளில் ரேடியோ வாங்கிய வீட்டார் எல்லாரும் மாடிமேல் மூங்கிற்கழி நட்டு, கழிக்குக் கழி கம்பி கட்டி, வானத்தில் போகிற பாட்டைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்து வீட்டில் தோல் மண்டி வைத்திருந்த நிசார் அஹமதுவும் அப்படித்தான் நட்டிருந்தார். ஆனால் நம் வீரன் வாங்கியதோ புதுமாதிரி. பெட்டியின் மரச்சட்டத்துக்கு உள்ளேயே ஒரு தகடு ஒட்டி, அதையே ஏரியல் ஆக்கிய மாயப் பேழை அது. அதைக் குதிரை வண்டியிலிருந்து இறக்கும்போதே, தெருவெல்லாம் கேட்க முழங்கினான் ஜம்புலிங்கம்.

"கழி வேணாம், கம்பி வேணாம். ஏரியல் உள்ளயே கீது பாய்! மாடில கம்பி கட்டிக்கினு காக்காய்க்கு ஊஞ்சல் போடறதெல்லாம் பழைய காலம்."

நிசார் அஹமது கோபிக்கவில்லை. "நல்லது ஜம்பு. உள்ளே இருக்கறது பேஜார் பண்ணா, வெளிய இருக்கறது இருக்குது. ஒரு குரல் குடு," என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

பேழை வீட்டுக்குள் வருமுன்னரே அதற்கு உடுப்பு தயாராயிருந்தது. ஜம்புலிங்கத்தின் இல்லாள், ஊடும் பாவுமாய் அவன் வாழ்வில் ஓடியவள், அம்சவேணி, தன் முகூர்த்தப் புடவையின் பட்டு நைந்துபோக, சாகாமல் மிஞ்சிய வெள்ளிச் சரிகையை வெட்டியெடுத்தாள். கரைச் சரிகையை நாலுபுறமும் சுற்றவிட்டாள். முந்தானைச் சரிகையை முதுகுக்கும் தலைக்கும் வைத்தாள். முள் ஓடும் கண்ணாடிக்கு ஒரு சன்னல், குரல் வரும் வாய்க்கு ஒரு சன்னல் விட்டு, மேலிருந்து குல்லாய்போல் மாட்டும்படி தைத்தாள். ஊருக்கெல்லாம் உடுத்திவிடுகிற குடும்பத்தில் ஒரு பொருள் உடுப்பில்லாமல் வாய் திறப்பதாவது! உறை மாட்டாமல் ரேடியோவின் திருகைத் தொடக் கூடாது என்பது அன்றே அந்த வீட்டுச் சட்டமாயிற்று.

ஆகா, சரிகைக் கவசம் தரித்து, நடுக்கூடத்து மேசைமேல் அது வீற்றிருந்த கோலத்தை என்னென்பது! ஜம்புலிங்கம் சாமி கும்பிட்டுத் திருகைத் திருப்பினான். கர்ர்ர்ர் என்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். கொர்ர்ர்ர் என்றது. எங்கோ பாதாளத்தில் யாரோ ஓர் அம்மையார் பாடிக்கொண்டிருந்தார். அவர்மேல் ஊரிலுள்ள அத்தனை பேரும் வறுத்த கடலையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே உறையைக் கழற்றிப் பத்திரமாய்ப் பெட்டியில் வைத்துவிட்டு, ரேடியோவைத் துப்பட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வேலூர் போனான் வீரன். கடைக்காரர் குர்ஷித் சொருகியைச் சொருகினார். கணீரென்று பாடியது சனியன்! "பெட்டி சோக்கா இருக்குது ஜீ. உங்க ஊட்டுக் கரண்ட்டுதான் சரியில்ல," என்று தீர்ப்பளித்தார் குர்ஷித். ஜம்புலிங்கம் திரும்ப வந்தான், சட்டப்படி உறையை மாட்டினான், திருகினான். கர்ர்ர்ர் என்றது.

இங்ஙனம் நாட்கள் செல்லுகையில் ஒரு சேதி வந்தது. அம்சவேணியின் தம்பி நந்தகோபால் சென்னை ரேடியோவில் பேசப்போகிறான்! தாயில்லாப் பிள்ளையாய் அக்காள் இடுப்பில் வளர்ந்தவன் அவன். வாய் திக்கும். அதிலும் 'ச' என்ற எழுத்து வந்துவிட்டால், மேடேற மாட்டாத மாட்டுவண்டிபோல் அங்கேயே நின்றுவிடுவான். ஒரு கல்யாணப் பந்தியில் நம் நூற்கண்டு நாயகன், "இவன் சாப்பாடுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்தியே முடிஞ்சுபோய்டும்," என்று சொல்லிவைத்தான். பந்தி சிரித்தது. நந்தகோபால் எழுந்து போனவன் சென்னையில் கைத்தறிச் சங்கத்தில் வேலை தேடிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவன், கிராம நிகழ்ச்சியில், நாடெல்லாம் கேட்க, பேசப்போகிற பொருள்தான் என்ன? 'சாயம் போகாத லுங்கி.' விதிக்குக் குறும்பு அதிகம். தலைப்பிலேயே 'சா'வைக் கொண்டுவந்து வைத்தது.

"இந்தா பாருங்க," என்றாள் அம்சவேணி. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். "இந்தப் பெட்டி இப்படியே கர்ருபுர்ருன்னுச்சுன்னா, அவன் திக்கறானா, பெட்டி திக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் நல்லாப் பேசறான்னு என் காதால கேக்கணும்ங்க. அது தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

எழுந்தான் ஜம்புலிங்கம்! மடித்துக் கட்டினான் லுங்கியை! "அம்சா, கேள்! அந்த இரைச்சல் எந்தக் கம்பி வழியா வந்தாலும் சரி, எந்த மோட்டார்ல பொறந்திருந்தாலும் சரி, அதைப் புடிச்சு மென்னியைத் திருகாம உடமாட்டேன்! இது கெங்கையம்மா மேல ஆணை!" என்று சபதம் உரைத்தான். அதுகேட்டுச் சுவர்ப்பல்லி ஒன்று உத்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

முதற்போர் தன் சொந்த வீட்டிலேயே தொடங்கிற்று. மோட்டார்களே பகைவனின் கோட்டை எனக் கருதி, முன்கட்டில் ஓடிய விசைத்தறிகளையெல்லாம் நிறுத்தினான். தறி ஓட்டுவோர் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரைச்சல் குறையவில்லை. அடுத்து நிசார் அஹமது வீட்டுக் குழல்விளக்கின்மேல் படையெடுத்தான். பாய் மறுபேச்சுப் பேசாமல் அதை அணைத்தார். பாய் குடும்பம் அன்று அரிக்கேன் வெளிச்சத்தில் மீன்முள் எடுத்துச் சாப்பிட்டது. இரைச்சல் சற்றும் கலங்கவில்லை. மூன்றாவதாக, தெருக்கோடியில் அரவை முழக்கும் மாவு மில்லின் அதிபதி பச்சையப்பனிடம் தானே தூது சென்றான்.

"மச்சான் பேசறான்னு மில்லை நிறுத்தணுமா?" என்று மாவு படிந்த புருவத்தை உயர்த்தினான் பச்சையப்பன். "சரி, நிறுத்தறேன். ஆனா அந்தச் சாயம் இன்னா சாயம்னு வந்து எனக்குச் சொல்லிடணும். என் லுங்கியெல்லாம் ஒரே தொவைல வெளுத்துப்போவுது." அது ஜம்புலிங்கத்திடம் வாங்கிய லுங்கி. வீரன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

ஒத்திகைக்கு மில் நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. ரேடியோவைக் கிழக்கே திருப்பினான், மேற்கே திருப்பினான், அரிசி மூட்டைமேல் ஏற்றினான், தொட்டிலில் இட்டுத் தாலாட்டாத குறைதான். கடைசியில், பகைவன் கோட்டைக்கு உள்ளேயே இருக்கிறான் என்று தெளிந்து, சொருகியைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, பெட்டியின் முதுகைத் திறந்தான். டீப்பெட்டியில் வரும் ஈயத்தாளை வெட்டியெடுத்து, ஏரியல் தகட்டைச் சுற்றி மதில்மேல் மதிலாய் எழுப்பினான். மூடினான். உறை மாட்டினான். திருகினான். என்னே அதிசயம்! கர்ர் இல்லை! கொர்ர் இல்லை! சுடுகாட்டு அமைதி!

"ஜெயிச்சேன்!" என்று தொடை தட்டினான் வீரன்.

"சத்தம் போய்ட்டுது, சரி," என்றாள் அம்சவேணி. "ரேடியோ எங்கங்க?"

முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டியும் ஒரு நிலையமும் வாய் திறக்கவில்லை. எதிரியோடு சேர்த்து விருந்தாளியையும் வாசலிலேயே துரத்தியிருந்தான் மாவீரன். ஈயத்தாளையெல்லாம் உரித்துப்போட்டு உறையை மாட்டியதும் இரைச்சல் சௌக்கியமாய்த் திரும்பி வந்தது.

வந்தது அந்த நாள். காலையிலேயே அம்சவேணி தலைமுழுகி, தம்பியே நேரில் வருவதுபோல் கூடம் மெழுகி, சரிகை உறையைச் சீயக்காயில் அலசி நிழலில் உலர்த்தி, கரி இஸ்திரி போட்டு மாட்டினாள். சாயங்காலம் தறிகள் நின்றன. மில்லும் சொன்னபடி நின்றது. திருகியதும் கர்ர்ர்ர் என்றது. அப்பொழுது ஜம்புலிங்கம், தறியையும் மில்லையும் எதிர்த்துப் புரிந்த போர்களினும் கடியதொரு போரைத் தன் நெஞ்சுக்குள்ளேயே புரிந்து, மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மதிலோரம் போய் நின்று, "பாய்! உங்க கம்பியைக் கொஞ்சம் குடுங்க பாய்!" என்று குரல் கொடுத்தான். பாய் குடும்பம் பேரணாம்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

அவன் கூடத்துக்கு ஓடிவரவும் நிகழ்ச்சி தொடங்கவும் சரியாயிருந்தது. "இப்போது கர்ர்ர் லுங்கி என்பது பற்றிக் குடியாத்தம் கர்ர்ர்ர் பேசுகிறார்," என்றது பெட்டி. பிறகு ஒரு குரல். குரல்தானா? அறுந்து அறுந்து வந்தது. அறுத்தது நாக்கா, இரைச்சலா, யார் கண்டார்? தட்டினான் ஜம்புலிங்கம். கெஞ்சினான். "டேய் கோபாலு, கொஞ்சம் சத்தமாப் பேசுடா!" என்று பெட்டியிடமே மன்றாடினான்.

அம்சவேணிக்குக் கண் நிறைந்தது. பிறகு கோபம் வந்தது. புருஷன்மேல் அல்ல, பெட்டிமேல். "என் தம்பி குரலை முழுங்கற சனியனே! உனக்கு என் கல்யாணச் சரிகை ஒரு கேடா? மொட்டையா நில்லு!" என்று கத்தி, இரண்டு கையாலும் உறையைப் பிடித்து உருவினாள்.

கூடம் முழுதும் குரல் நிறைந்தது! கடலை வறுக்கும் ஓசை மதிற்சுவருக்கு அப்பால் போய்விட்டது. பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினான் நந்தகோபால்.

"...எனவே நெசவாளத் தோழர்களே, முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ச... ச..."

நின்றது குரல். பந்தியில் கேலி பேசிய ஜம்புலிங்கத்தின் அதே வாய், இன்று அவனையறியாமல் 'சா' என்று விரிந்து, "சொல்லுடா ராஜா, சொல்லிடு," என்று முணுமுணுத்தது. எங்கோ சென்னையில் ஒருவன் ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, குடியாத்தத்தில் அவனோடு சேர்ந்து ஒரு வீடே தம் பிடித்து நின்றது.

"...சாயம்," என்றான் நந்தகோபால், அவசரப்படாமல். "சாயம் நிற்க வேண்டுமானால், முதலில் நூல் சுத்தமாயிருக்க வேண்டும். அழுக்கு இருந்தால் எந்தச் சாயமும் பிடிக்காது. நன்றாகத் துவைக்க வேண்டும்." அப்புறம் ஆறுபோல் பேசினான்.

"அது அவன்தாங்க!" என்று கைகொட்டினாள் அம்சவேணி, அழுகையும் சிரிப்புமாய். "பெட்டி திக்கலங்க, அவனேதான்! திக்கிட்டு, நின்னு, சொல்லிட்டான்ங்க!" திட்டிவிட்டோமே என்று உடனே மனம் கசிந்தது அவளுக்கு. "ஊட்டுக்கு வந்தவனை மொட்டையாவா நிக்க வெக்கறது?" என்று உறையை எடுத்து ஆசையாய் மாட்டினாள். கர்ர்ர்ர் என்றது. "ஐயோ!" என்று கையை உதறினாள்.

ஜம்புலிங்கம் மெல்ல வந்து உறையைத் தூக்கினான். தம்பி பேசினான். இறக்கினான். கர்ர் என்றது. தூக்கினான். தம்பி பேசினான். ஆகா! வானமெல்லாம் கடந்துவந்த குரலை ஈயத்தாள்போல் வாசலில் மறித்தது வெள்ளிச் சரிகையே! கரண்ட் வழியாய் வந்த இரைச்சலுக்கு உள்ளே பாய் போட்டுக் கொடுத்ததும் சரிகையே! தறியும் மில்லும் குழல்விளக்கும் வெறும் சிற்றரசர்களே! கண்டுபிடித்த பேருண்மை அவன் தொண்டைவரை திரண்டு வந்தது. கேளாமலே யோசனை சொல்லும் அந்த வாய், பிறந்தநாள் முதல் ஒன்றையும் அடக்கியறியாத அந்த வாய், திறந்தது. எதிரே அம்சவேணி, கல்யாணத்தன்று அவன் பக்கத்தில் பளபளத்த அதே சரிகையைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் குழப்பம். வாயைத் திறந்தபடியே நின்றான் வீரன். அவன் செய்த போர்களிலெல்லாம் பெரிய போர் இதுதான்.

"உறை அழுக்கா கீது அம்சா," என்றான் கடைசியில். "உன் தம்பிதான் சொல்றானே. அழுக்கு இருந்தா ஒண்ணும் புடிக்காதாம்."

"காலைலதானங்க தொவைச்சேன்?"

"இல்ல, இல்ல. அழுக்குதான்."

அம்சவேணி உறையைப் பார்த்தாள். மொட்டையாய் நின்று கணீரென்று பேசுகிற பெட்டியைப் பார்த்தாள். எங்கோ உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா, அழுக்குதான்," என்றாள்.

இரைச்சலாசுரனை வென்ற மாவீரனும், வென்றதைச் சொல்லாமல் விட்ட மாவீரனும் ஆகிய ஜம்புலிங்கம், தம்பியின் குரல் தேனாய்ப் பொழியத் தறியும் மில்லும் தலைவணங்கி நிற்க, வெற்றித் திருக்கோலத்தில் ரேடியோவின் அருகே சம்மணமிட்டு வீற்றிருந்தான்.

அம்சவேணி அந்த உறையை மறுபடியும் துவைக்கப் போட்டாள்.