சம்பந்திக்கு, உருப்பெருக்கி விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. என் மகளையும் உங்கள் மகனையும் தவிர்த்தால் எல்லோரும் நலம். மிச்சம் இருப்பது நான் ஒருவன். என் நலத்திலும் கண்களைக் கழித்துக்கொள்ளவும். தங்களுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

என் பார்வை மங்கியபோது, திரையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி மென்பொருளை மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுதி, ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்டது தாங்கள் அறிந்ததே. இப்போது அதை எதன்மேல் ஓட்டுவது என்பதில் வீடு இரண்டுபட்டிருக்கிறது. கணினித் திரையில் எந்த ஜன்னல் எங்கே நிற்கலாம், எது எதைப் பார்க்கலாம் என்று கவனிக்க அடியில் ஒரு நிர்வாகி உண்டாம். பழையவர் எக்ஸ், புதியவர் வேலண்ட். எக்ஸில் எந்த மென்பொருளும் பக்கத்து ஜன்னலை எட்டிப் பார்க்கலாம், அதனால் உருப்பெருக்கி சுகமாக ஓடுகிறது. திருடனும் அப்படியே பார்ப்பான் என்கிறாள் மகள். வேலண்டில் அனுமதி வாங்காமல் அது நடக்காது. ஒரு ஜன்னலுக்குத் தான் திரையில் எங்கே நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாதாம். இந்த வீட்டில் என் நிலைமையும் அதுதான். இரண்டையும் பராமரிக்க அவர்களுக்கு நேரமில்லை, ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். "பழசு இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கு, அதைப் போய் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றாள் மகள். "மாமாவுக்குக் கண்ணு தெரியறது உனக்கு முக்கியமில்லையா?" என்றார் மாப்பிள்ளை. அன்றோடு பேச்சு நின்றது. "அப்பா, தண்ணி வேணுமான்னு அவர்கிட்ட கேளுங்க" என்கிறாள். அவர் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சமாதானத்துக்காக நானே ரகசியமாக வேலண்டுக்கு மாறிப் பார்த்தேன். உருப்பெருக்கி திரையைப் பார்க்கலாமா என்று அது ஒரு பெட்டியில் அனுமதி கேட்டது. பெட்டியின் எழுத்து கடுகளவு. அதைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும். உருப்பெருக்கிக்கு அந்தப் பெட்டியின் அனுமதி வேண்டும். உத்தேசமாக ஒன்றை அழுத்தினேன், அது 'வேண்டாம்' என்பதாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் எக்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்து, எனக்குக் கண் தெளிந்துவிட்டது, உருப்பெருக்கி தேவையில்லை, தாராளமாக வேலண்டுக்குப் போங்கள் என்று சொல்லப் போகிறேன். பொய்தான். படிக்காமல் என்னால் இருந்துவிட முடியும். அவர்கள் பேசாத வீட்டில் இருக்க முடியவில்லை. தாங்களும் வந்து, "தெருமுனையிலேயே என்னை அடையாளம் கண்டுக்கிட்டார்" என்று ஒரு சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் மகனின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இந்த நேரத்தில் ஆராய விரும்பவில்லை. விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இருவரும் நெடுநாள் தெளிந்த பார்வையோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: வர வேண்டாம். நான் தட்டத் தட்ட உருப்பெருக்கி இதன் ஒவ்வொரு எழுத்தையும் திரையில் தட்டளவு காட்டிக்கொண்டிருந்ததால், மகள் சமையலறை வாசலிலிருந்தும் மாப்பிள்ளை கூடத்திலிருந்தும் முழுவதையும் படித்துவிட்டார்கள். எட்டிப் பார்க்க எந்த நிர்வாகியின் தயவும் தேவைப்படவில்லை. மகள் கொஞ்சம் அழுதாள். பிறகு, "அந்தப் பெட்டியை அப்பாவால படிக்கவே முடியாதுன்னு நமக்கு ஏங்க தோணல?" என்று நேராக அவரிடமே கேட்டாள். இந்தக் குறிப்பை முடித்ததும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, பெட்டியின் எழுத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெட்டியை எழுதியவர்களுக்கே திருத்தம் அனுப்ப இருவரும் காத்திருக்கிறார்கள். போவது வேலண்டுக்குத்தான்; பெட்டி என் கண்ணுக்குத் தெரிந்த பிறகு. பிடிவாதம் பற்றிய வரியை மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். "அப்பாகிட்டேருந்துதான் மாமா, அழிக்காதீங்க" என்றார்.