மோனிக்காக ஒரு பூசை

வயது ஏறினால் புத்தியும் ஏறும் என்று சொன்னவர்கள் என்னைப் பார்த்ததில்லை. கருவாட்டு ஏலத்தில் பாதி ஆயுசு நின்று, காயல்பட்டினம் வரைக்கும் உள்ள வியாபாரிகளை வாயாலேயே மடக்கியவள் நான். (பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்.) அப்படிப்பட்டவள் ஒரு துணி ஆமையிடம் தோற்றுப்போனேன்.

கால் சுளுக்கி, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவியில் செய்தி மட்டும்தான் பார்ப்பார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதற்கு ஏலக்கூடம் எவ்வளவோ மேல். அங்கே கத்தி முடிந்தால் கருவாடாவது கிடைக்கும். ஒரு சாயங்காலம் அவர் ரிமோட்டின் மேலேயே உட்கார்ந்து எழுந்து கடைக்குப் போய்விட்டார். சேனல் மாறி டிவியில் பொம்மைகள் வந்துவிட்டன.

சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி. வேறெங்கோ எடுத்ததற்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். மோனி என்று ஓர் ஆமைக்குட்டி. பச்சைத் துணி, கழுத்தில் தையல் தெரியும். கூட ஒரு கிழ வாத்து. இரண்டுமாக ஒரு சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிட்டுத் தேடின. அவ்வளவுதான் கதை. நடுவில் மழை வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டு மழையைப் பார்த்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. "பார்த்து வைக்கக்கூடாதா" என்றுகூட வாத்து கேட்கவில்லை. (நானாக இருந்தால் கேட்டிருப்பேன், வம்சத்தையும் சேர்த்து இழுத்து.) கடைசியில் பொத்தான் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை.

மறுநாளும் பார்த்தேன். கால் சரியான பிறகும் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மோனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பெரிய இலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. வாத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதோடு அன்றைய நிகழ்ச்சி முடிந்தது. சனி, ஞாயிறு கிடையாது.

அது பொம்மை என்று எனக்குத் தெரியும். உள்ளே ஒரு கை இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் குரல் கம்மியிருந்ததே, தலை சாய்ந்திருந்ததே. அப்படியென்றால் காய்ச்சல் கைக்காரருக்கா? குரல் கொடுத்தவருக்கா? யோசிக்க யோசிக்கச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருத்தருக்குக் காய்ச்சல், அது மட்டும் நிச்சயம் என்று முடிவுக்கு வந்தேன்.

சனிக்கிழமை நேராக மாதா கோயிலுக்குப் போனேன். யார் யாருக்காகப் பூசையில் வேண்ட வேண்டும் என்று எழுதிக்கொள்கிறவர் கோயில்பிள்ளை அந்தோணி.

"நோயாளி பேரு என்னக்கா?"

"மோனி."

"நம்ம பங்கா?"

"வெளியூரு. சின்னப் பிள்ளை."

"கூட யாரு இருக்கா?"

"வயசான ஒருத்தி. பக்கத்துலயே இருக்கா, பாவம்."

"தாய் தகப்பன்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் வந்ததில்லை. "இல்ல" என்றேன். அந்தோணி பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை, கவனிக்கவும்.)

ஞாயிறு பூசையில் சாமியார், "தாய் தகப்பன் இல்லாத சிறுகுழந்தை மோனி பூரண சுகம் பெற" என்று உருகி வாசித்தார். கோயில் மொத்தமும் முழங்காலில் நின்றது. முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதுகளுக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் போட்ட சட்டமே எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மாதா சபைக்குத் தலைவி நான். பூசையில் யாருக்காக வேண்டினாலும் சபைப் பெண்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான். போகாதவர்களைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதும் நான்தான்.

பூசை முடிந்ததும் செயலாளர் பிலோமி பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, பிள்ளை எங்கன இருக்கு? நாளைக்கே போயிருவோம்."

"தூரம், பிலோமி."

"சாயர்புரமா? வேன் பிடிச்சிருவோம்."

"அதுக்கும் தூரம்."

"மதுரைன்னாலும் போவோம்க்கா. நம்ம சட்டம்லா."

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்" என்று தப்பி வந்தேன். அவர்கள் வருவதற்குள் மோனி எழுந்துவிடும், பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு.

திங்கட்கிழமை நான் டிவியைப் போட்டேன், அவர்கள் வாசலில் நின்றார்கள். சபையில் பாதிப் பேர். கையில் சத்துமாவு டப்பா, ரொட்டி, ஆப்பிள், பிள்ளை கழுத்தில் போட ஒரு ஜெபமாலை. எனக்குத் தலைவி பதவியும், இத்தனை வருசம் காத்த பெயரும் அந்தச் சத்துமாவு டப்பாவின் மேல் நிற்பதுபோல் இருந்தது.

"பிள்ளை எங்கக்கா?"

வாயில் பொய் வரவில்லை. விரலை நீட்டினேன். டிவியில் மோனி இன்னும் இலைக்குள்ளேயே கிடந்தது.

பிலோமி டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் டிவியைப் பார்த்தாள்.

"இது ஆமைல்லாக்கா."

"ஆமைதான். காய்ச்சல்."

என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் வாத்து கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதத் தொடங்கியது. ஊதியது. இன்னும் ஊதியது. ஒவ்வொருத்தியாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஏளா, ஆறியிருக்கும், கொடேன்" என்று ரொசாரி வாத்திடம் சொன்னாள்.

"சும்மா இருளா, பிள்ளைக்கு வாய் வெந்துரும்" என்று பிலோமி அவளை அடக்கினாள்.

மோனி ஒரு வாய் குடித்தது. இலையை விலக்கியது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. என் பின்னால் யாரோ "மாதாவே" என்று மூச்சு விட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அவர்களுக்குச் சிரிக்கவே ஞாபகம் வந்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒரு ஆமைக்கு ஊரையே முட்டி போட வச்சிட்டியேக்கா" என்று பிலோமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரொசாரி போகும்போது சத்துமாவு டப்பாவை மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

பதவி போகவில்லை, அவர்களுக்கு என்மேல் இருந்த பயம்தான் போய்விட்டது. இப்போது கூட்டத்தில் யாரையாவது அதட்டினால், "ஆமைக்கு இரங்குன மனசு எங்களுக்கு இரங்காதாக்கா" என்கிறார்கள். கூட்டத்தையே பொம்மை முடிகிற நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் வீட்டில்தான் நடக்கிறது. யாரும் தாமதமாக வருவதில்லை.

அந்தப் பூசை கைக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததா, குரல்காரருக்கா, துணிக்கா என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. பாவசங்கீர்த்தனப் பெட்டியில் பாவங்களைச் சொல்லி முடித்து, சாமியாரிடமே கேட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெட்டி மட்டும் குலுங்கியது.

சமீபத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன். பூசைக்குச் சொல்ல இரண்டு பேருமாகப் போனோம். அந்தோணி எல்லாரிடமும் முதலில் பெயர்தான் கேட்பார். என்னிடம் மட்டும் இப்போதெல்லாம் வேறு கேள்வி.

"ஆளா, பொம்மையாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்:

"கலியாணம் ஆன நாள்லேர்ந்து இவ ஆட்டுன பக்கம்லாம் ஆடுதேன். பொம்மைன்னே எழுதும்வே."