மறுபடியும் அதே படமா?

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று மீசையை முறுக்கினேன். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மலையையே அதட்டி வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை நான். என் பெண்சாதி பாலாமணியோ, மாத்தளை டாக்கீஸ் கொட்டகையில் அதே படத்தை மறுபடியும் பார்க்கப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

படம் என்ன பெரிய படம்? ஒரு போலீஸ்காரன் கொள்ளைக்காரன் வேஷம் போட்டுக் கும்பலில் சேருகிறான். கடைசியில் ஆள் தெரியாமல் போலீசே அவனைச் சுட்டுவிடுகிறது. அவ்வளவுதான். அதற்கு இவள் குடம் குடமாக அழுகிறாள். நான் மலேரியாவில் கிடந்தபோது மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. வயிறு எரியுமா, எரியாதா?

"அடியே, அவன் சாகப்போறான்னு தெரியுமில்ல? பின்ன எதுக்குப் போற?"

"தெரிஞ்சதாலதாங்க போறேன். மொத வாட்டி அவன் செத்தப்பதான் அழுதேன். இப்ப அவன் சிரிக்கிறப்பவே அழுக வருது."

"பைத்தியம்! அந்தப் படமா, நானா? ஒன்னு சொல்லு!"

"வந்து சொல்றேங்க. பஸ்சுக்கு நேரமாச்சு."

கொதித்துப் போனேன். அந்தக் கொட்டகையில் அப்படி என்னதான் நடக்கிறது? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தேயிலை லொறியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஜவுளிக்கடைச் சிநேகிதன் மக்கீனிடம் இடுப்புக்குச் சாரமும் தலைக்குத் துருக்கித் தொப்பியும் இரவல் வாங்கினேன். ஆசையாய் வளர்த்த மீசையையும் சிரைத்தேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது!

கொட்டகையில் பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் தட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். அந்தப்புறம் பாலாமணியும் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவும். காதைத் தீட்டிக்கொண்டேன். திரையில் அந்தப் போலீஸ்காரன் கும்பலோடு சிரித்துச் சிரித்துச் சோறு தின்றான். படுபாவி, என்னையே கண்ணைத் துடைக்க வைத்துவிட்டான்.

அப்போது பாலாமணியின் குரல் கேட்டது.

"ஐயோ, தொர வர்றாரு!"

துள்ளி எழுந்தேன். தொப்பி தானாகக் கைக்கு வந்துவிட்டது. "சலாங்க தொரே!" என்று குனிந்தேன். துரை முன்னால் தலையை மூடிக்கொண்டு நின்ற கணக்கப்பிள்ளை எந்தத் தோட்டத்தில் உண்டு? துரையாவது, மண்ணாவது! என் தலையின் நிழல்தான் திரையில் நின்றது.

"உக்காருய்யா, மறைக்குது!" கொட்டகையே கத்தியது.

தட்டிக்கு மேலே இரண்டு தலைகள் முளைத்தன.

"பாத்தியா கிருஷ்ணம்மா, இந்தக் காதப் பாத்தப்பவே இது என் வீட்டுக்காரருன்னு நாஞ் சொல்லல? அந்தப் போலீஸ்காரனும் இப்படித்தான். விசில் சத்தம் கேட்டா அவன் குதிகால் ரெண்டும் தன்னால ஒட்டிக்கும். போன வாட்டி பாத்தப்பதான் அதையே கவனிச்சேன்."

கையிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டு கத்தினேன்.

"வேஷம் கெடக்கட்டும்டி! கேட்டதுக்குப் பதில் சொல்லு. படமா, நானா?"

பாலாமணி யோசிக்கக்கூட இல்லை.

"படந்தாங்க. அது ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஒன்னக் காட்டுது. உங்களத்தான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே முழுசாப் பாத்து முடிச்சிட்டேனே!"