வேலை என்ற சொல்லுக்குப் பொருள்

மகளின் பரீட்சைக்கு வாங்கிய அறிவியல் சொற்பொருள் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை காலை சாய்வு நாற்காலியில் கிடந்தபடி புரட்டினேன். நாலு பக்கத்துக்குள் தெளிவு பிறந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு ஜென்மத்துக்கும் ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாது. திருத்துவது என் கடமை.

முதல் நோயாளி தானாகவே வந்தாள். என் மனைவி.

"விடிஞ்சதுலேர்ந்து அடுப்படியிலயே நிக்கிறேன். அவ்வளவு வேலை. ஒரு கை கொடுத்தா என்ன?"

"வேலையா? விசை கொடுத்து ஒரு பொருள் நகர்ந்தாதான் அதுக்குப் பேர் வேலை. நிக்கிறதெல்லாம் கணக்குல வராது."

"கனமான குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா?"

"குடம் நகரலையே. பூஜ்ஜியம்."

"நாள் முழுக்க நின்னாலும்?"

"யுகம் முழுக்க நின்னாலும்." அற்பப் பதர்களுக்கென்றே வைத்திருக்கும் ஒரு சிரிப்பையும் உதிர்த்தேன்.

புத்தகத்தை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு உள்ளே போனாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

சமையலறைச் சுவரில் இருந்த ஷெல்ஃபின் ஒரு பக்கம் ஆணி கழன்று தொங்கியது. மேலே முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். "பிடிங்க" என்றாள். பிடித்தேன். அவள் செருப்பை மாட்டினாள்.

"கார்பெண்டரைக் கூப்பிட்டுட்டு வரேன்."

"ஜாடியை இறக்கி வெச்சுட்டுப் போயேன்."

"இறக்கினா நகருமே. அப்புறம் அது வேலையாயிடும். லீவு நாள்ல எதுக்கு வேலை?"

போனவள் திரும்பியபோது தச்சர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள்.

"பாவம், அண்ணன் என்ன பண்றார்?"

"ஒண்ணும் பண்ணலை. அவரையே கேளு."

என் கணக்குப்படி அது சரிதான். தோள் மரத்துவிட்டது. கண்ணில் வியர்வை.

"திறன்னா என்னங்க?" என்றாள் மனைவி. "அதுவும் அந்தப் புத்தகத்துல இருக்கே."

"வேலை செய்யற வேகம்."

"வேலையே செய்யாதவரோட திறன்?"

மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தது. விரட்டக் கையில்லை. "பூஜ்ஜியம்" என்றேன்.

"ஒளிவுமறைவு இல்லாத மனுஷன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஒருவழியாகத் தச்சர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுவரு பொடியுதும்மா. ஆணி நிக்கிறது சந்தேகம். அண்ணன் நல்லா கெட்டியா நிக்கிறாரு. இப்படியே விட்டுடலாமே?"

மனைவி நிஜமாகவே யோசித்தாள்.

"வேணாம், ஆணியே அடிங்க. இவருக்கு வேலை இல்லாட்டியும் மூணு வேளை சோறு போடணும்."