மேனேஜரையும் மற்ற இருவரையும் அறுக்காமல் இருக்க ஒரு வேண்டுகோள்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாய் என்பதுதான் ஒரே கவலை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரமாக உன் அக்காவின் கோழிக்கூண்டில் முட்டையிட்டு வருவது நான்.

"முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும் அத்தான்" என்று நீ கொண்டுவந்து விட்ட மூன்று கோழிகளில் இரண்டு ஒழுங்காக முட்டையிடுகின்றன. மூன்றாவது, அந்தக் குண்டு, ஒரு வேலையும் செய்யாமல் மற்ற இரண்டையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிந்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். அதுதான் தப்பு. பெயர் வைத்ததைக் குழம்பு வைக்க யாருக்கு மனசு வரும்? உன் அக்காவுக்கு வரும். "தம்பி வர்றான். முட்டைக்கு ஆகாதது கறிக்கு. நீங்களே அறுத்துடுங்க" என்றாள். கரப்பான்பூச்சியை அடிக்கவே அவளைக் கூப்பிடுகிறவன் நான்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மேனேஜரின் பெட்டியில் வைத்தேன். "என்னங்க, இப்பப் போட்ட முட்டை ஜில்லுன்னு இருக்கு?" "அதோட உடம்புவாகு அப்படி." அடுத்த நாள் கடை முட்டை வைத்தேன். "மத்தது ரெண்டும் பழுப்பா போடுது, இது மட்டும் ஏன் வெள்ளை?" "தீவனம் ஒத்துக்கல போல." அவள் பார்த்த பார்வையில் எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. பிறகு பின்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பழுப்பு முட்டை கிடைப்பது தெரிந்து, சட்டைக்குப் பட்டன் தைக்கிற சாக்கில் தினமும் போய் ஒன்று வாங்கி வருகிறேன். இதற்காகவே நல்ல சட்டைகளின் பட்டனைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவோ பூரித்துப்போய், "மேனேஜர்தாங்க உண்மையான உழைப்பாளி" என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றை அறுக்கலாம் என்று கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறாள். சும்மா இருப்பதைக் காப்பாற்றப்போய் உழைப்பதன் கழுத்துக்கு வினை வைத்துவிட்டேன். அலுவலகத்தில் பார்க்காததா, ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஆகவே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, நான் கறியை விட்டுட்டேன்" என்று சொல்லிவிடு. கொஞ்சம் இளைத்த மாதிரியும் வந்தால் உத்தமம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் அன்பு, உன் பசிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதை உறையில் போடுமுன் இன்றைய முட்டைக்குப் போனேன். நன்றி மிகுதியில், "உங்க கோழி எந்த இனம்மா, ஒருநாள்கூடத் தவறாம போடுதே?" என்று கேட்டுவைத்தேன். "என்கிட்ட ஏதுண்ணே கோழி? யார் வீட்டுதோ, குண்டா ஒண்ணு தினமும் வேலியில நுழைஞ்சு வந்து, வெட்டுத்துணிக் கூடையில போட்டுட்டுப் போகுது."