கழுத்து நிற்காத அன்னம்

தட்டில் ஒரே ஒரு ஆப்பிள் இருந்தது.

தையல்காரி அதை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், தூக்கி அடியிலும் பார்த்தாள். வேறு பழம் எதுவும் அதன் பின்னால் ஒளிந்திருக்கவில்லை.

“என்னங்க, இது நமக்கு வெச்சதா? இல்லை, போன தடவை வந்தவங்க மறந்து விட்டுட்டுப் போனதா?”

அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், கப்பல் அறையின் வட்ட ஜன்னலில் முகத்தைப் பதித்து நின்றிருந்தார். வெளியே தண்ணீர் வெயிலைப் பிடித்து உள்ளே எறிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கூரையில் மெல்ல மெல்ல அசைந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் கண் சொக்கும்.

“இருபத்தஞ்சு வருஷமா மேலயும் கீழயுமே போய்க்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா பக்கவாட்டுல போகப்போறேன்” என்றார் கனவில் பேசுவது போல.

அவருடைய இருபத்தைந்து வருட உழைப்புக்கு லிஃப்ட் கம்பெனி கொடுத்த பரிசு இந்தச் சொகுசுக் கப்பல் பயணம். ‘அறைக்குள் நுழைந்ததும் எங்கள் அன்பளிப்புகள் உங்களை வரவேற்கும்’ என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்.

வரவேற்ற அன்பளிப்புகளைத் தையல்காரி எண்ணினாள். ஆப்பிள் ஒன்று. ‘அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ............ அவர்களே, வருக!’ என்று ஓர் அட்டை. புள்ளிகளின் மேல் யாரும் எந்தப் பெயரையும் எழுதவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில். இலவசம்தான், ஆனால் விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் தொங்கியது. கட்டிலின் நடுவே ஒரு துண்டு. அன்னமாக ஆரம்பித்து, பாதியில் மனம் மாறித் தவளையாகி, அதுவும் கைகூடாமல் துண்டாகவே இருந்துவிட்டது.

“அண்ணிக்கு இந்த ஆப்பிளையா படம் பிடிச்சு அனுப்புறது?” என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விஷயம் அதுதான்.

அவள் நாத்தனார், அதாவது மெக்கானிக்கின் அக்கா, போன வருடம் இதே கப்பலில், இதே அறை வரிசையில் பயணம் போனவள். அப்போது எடுத்த படம் நாத்தனார் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. கிரீடம் வைத்த அன்னாசி, முட்டை முட்டையாகத் திராட்சை, தங்கக் காகிதம் சுற்றிய பாட்டில், வெள்ளிப் பெட்டியில் சாக்லேட், எல்லாவற்றுக்கும் நடுவே துண்டால் மடித்த அன்னம். அந்தப் படத்தைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. படத்தின் ஓரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை அன்னத்தின் கழுத்தைப் பிடித்திருக்கும். கழுத்தைப் பிடிக்கவே தனியாக ஒரு ஆளா என்று பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

தையல்காரியின் கண்ணில் பட்டது வேறு. அந்தக் கையுறையின் கட்டைவிரல் தையல் பிரிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. வெள்ளைத் துணியில் கறுப்பு நூல்!

படம் கைபேசிக்கு வந்த அன்றே நாத்தனார் ஆசை ஆசையாகப் பேசினாள்.

“எப்படி இருக்கு, சொல்லு!”

“அன்னாசி கொஞ்சம் சாஞ்சிருக்கே, அண்ணி.”

நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

தையல்காரி வேண்டுமென்று சொல்லவில்லை. முப்பது வருடம் ஊசி பிடித்த கண். குறையைத்தான் முதலில் பார்க்கும். ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பொறாமையெல்லாம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்தான். ஒரு வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இன்று மத்தியானத்திலிருந்து நாத்தனாரிடமிருந்து நான்கு செய்திகள். ‘கூடை வந்துச்சா?’ ‘இன்னும் வரலையா?’ ‘அன்னம் எப்படி?’ ‘படம் அனுப்பு.’ கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. கரையை விட்டு நகர்ந்தால் சிக்னல் போய்விடும். பிறகு நான்கு நாள் கைபேசி வெறும் கண்ணாடி. அதற்குள் படம் போகாவிட்டால் அவள் மானம் நான்கு நாளும் நாத்தனார் வீட்டு சோபாவில் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

மணி நாலே கால். அவள் அழைப்பு மணியை அழுத்தினாள்.

‘ரூம் பாய்’ வந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அடர்ந்த மீசை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலில் பணிவாக நின்றார்.

“எங்க கூடை எங்கே?”

“பழக்கூடை எதிர்ப்பக்கம் இருக்கற பெரிய அறைகளுக்குத்தாம்மா. இந்த வரிசைக்கு ஆப்பிள்.”

“போன வருஷம் இந்த வரிசையில வந்தவங்களுக்குக் குடுத்திருக்கீங்களே!”

அவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். “அப்படியாம்மா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏதாவது விசேஷம்னா தனியா தருவாங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க, இந்த மாதிரி...”

“நாங்க புதுசா கல்யாணம் ஆனவங்கதான்!”

ஜன்னலோரம் மெக்கானிக்குக்குப் புரையேறியது.

மீசைக்காரர் மெக்கானிக்கின் வழுக்கையைப் பார்த்தார். தையல்காரியின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். “வாழ்த்துகள் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இருபத்தாறு வருஷம் ஆச்சு” என்றார் மெக்கானிக்.

“அது எனக்குத் தெரியாதா? கொஞ்சம் வெக்கப்படற மாதிரி நில்லுங்க.”

பத்தாவது நிமிடம் இரண்டு பெண்கள் புயலாய் வந்தார்கள். கட்டில் முழுக்க ரோஜா இதழ்களைத் தூவினார்கள். ஒரே கண்ணாடிக் கோப்பையில் இரண்டு உறிஞ்சு குழல் போட்ட இளஞ்சிவப்புப் பானத்தை வைத்தார்கள். போகும்போது அவர்களில் ஒருத்தி ஆப்பிளை எடுத்துக்கொண்டாள்.

“அதை ஏன் எடுக்கறே?”

“ஹனிமூன் திட்டத்துல பழம் கிடையாதும்மா.”

கதவு மூடியது. கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. “நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் புதுமணத் தம்பதியை வாழ்த்துகிறோம்! இரவு ஏழு மணிக்கு நடன மேடையில் உங்கள் முதல் நடனத்தைக் காண அனைவரும் காத்திருக்கிறோம்!”

“நடனமா?” என்று மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பயத்தில் ஒரு குழலை வாயில் வைத்து உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. கூரை வெளிச்சம் அவர் வழுக்கையில் நீந்தியது. “கடல் எவ்வளவு அழகா இருக்கு பாரேன்” என்றார்.

அவள் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். “ஓரம் நேரா இல்லை.”

“அது தொடுவானம்மா.”

“எதுவா இருந்தா என்ன?”

அவள் ஓர் இதழை எடுத்து விரலில் தேய்த்தாள். முகம் மாறியது. “பாலியெஸ்டர்! ஓரம்கூட அடிக்கலை, நூல் பிரியுது. இதையா ரோஜான்னு தூவினாங்க?” பானத்தை ஒரு வாய் குடித்தாள். “நுரையே இல்லை. நேத்து திறந்தது.”

அடுத்த நிமிடம் அறைத் தொலைபேசியில் கப்பல் வரவேற்பைக் கூப்பிட்டாள். இதழின் தரம், பானத்தின் தரம், துண்டு மடித்த தரம், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். ‘இதுக்குப் பதிலா ஒரு கூடை குடுத்துட்டா நான் எதையும் பேச மாட்டேன்’ என்று முடித்தாள். அந்தப் பக்கம் தேன் ஒழுகும் குரல் பத்து முறை மன்னிப்புக் கேட்டது.

மறுபடி இரண்டு பெண்கள். இந்த முறை இதழ்களைப் பைக்குள் அள்ளிப் போட்டார்கள். கோப்பையை எடுத்தார்கள்.

“ஐயோ, நான் பாதிதான் குடிச்சேன்!” என்றார் மெக்கானிக்.

“பரிசோதனைக்குப் போகணும் சார்.”

துண்டும் மறுசலவைக்குப் போனது. விலைச்சீட்டோடு தண்ணீர் பாட்டில் மட்டும் மிஞ்சியது. பழைய அட்டைக்குப் பதில் புது அட்டை வைத்திருந்தார்கள். இந்த முறை புள்ளிகளின் மேல் கையால் எழுதியிருந்தது: ‘அன்புக்கும் மதிப்புக்கும் உரிய புகார்தாரர் அவர்களே, வருக!’

மணி நாலே முக்கால். கைபேசி சிணுங்கியது. ‘என்ன, பேச்சையே காணோம்? கூடை ரொம்பப் பெருசோ?’

தையல்காரிக்கு அழுகை வந்தது. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

எதிர்ப் பெரிய அறையின் வாசலில், மஞ்சள் விளக்கின் கீழே, ஒரு தள்ளுவண்டி நின்றது. அதன் மேல் கூடை. கிரீடம் வைத்த அன்னாசி. முட்டைத் திராட்சை. தங்க பாட்டில். வெள்ளிப் பெட்டி. நடுவே அன்னம். கதவில் ‘உறங்குகிறோம், தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற பலகை. நடைவழியில் ஆள் அரவமே இல்லை. கம்பளம் அவள் காலடிச் சத்தத்தையும் விழுங்கியது. தூக்கத்தில் நடப்பவள் போல அவள் அதன் அருகே போனாள்.

“என்னங்க” என்று கிசுகிசுத்தாள். “அஞ்சே நிமிஷம். படம் எடுத்துட்டுத் திரும்பக் கொண்டுவந்து வெச்சிடலாம்.”

“இதுக்குப் பேரு என்ன தெரியுமா?”

“இரவல். தள்ளுங்க.”

லிஃப்டுகளையே தூக்கி இறக்கிய கை, வண்டியைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தியது. அதே நேரம் கப்பலின் சங்கு ஒலித்தது. தரை மெல்ல நழுவியது. ஜன்னலில் கரையின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்று நகர்ந்தன. போவது கப்பலா கரையா என்று தெரியவில்லை. ஒரு கணம் அவள் எதற்காக நிற்கிறோம் என்பதையே மறந்தாள்.

அன்னாசி சாய்ந்தது.

அவள் நேராக வைத்தாள். மறுபடி சாய்ந்தது. “பிடிங்க!” என்றாள். மெக்கானிக் அன்னாசியைப் பிடிக்க, திராட்சைக் கொத்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவர் திராட்சைக்குக் குனிய, அவர் முழங்கை பட்டு அன்னத்தின் கழுத்து தொங்கிவிட்டது. அவள் அதை நிமிர்த்தினாள். அது உடனே மார்பில் முகம் புதைத்துக்கொண்டது. கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, அன்னத்தின் கழுத்தில் முதல் தையல் போட்டபோது கதவு தட்டப்பட்டது. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மீசைக்காரர் உள்ளே வந்தார். வண்டியைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். கட்டிலுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கால்களைப் பார்த்தார். கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினார்.

“அண்ணே, திருடறதுக்கு இல்லை” என்றாள் தையல்காரி. “ஒரே ஒரு படம். எங்க அண்ணி வீட்டுல மாட்டியிருக்கற மாதிரி. அனுப்பலைன்னா என் மானமே போயிடும்.”

அவர் திட்டவில்லை. பெருமூச்சு விட்டார். “ஊசியெல்லாம் வேண்டாம்மா. இந்த அன்னம் தனியா நிக்காது. நான் கழுத்தைப் பிடிச்சுக்கறேன், நீங்க சீக்கிரம் எடுங்க. சிக்னல் போயிடும்” என்றார்.

இதுவரை பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். வெள்ளைக் கையுறை. பழக்கப்பட்ட ஆள் போல ஓரமாக ஒதுங்கி நின்று, அன்னத்தின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்தார்.

மெக்கானிக் திராட்சையைக் கூடையில் வைக்க, அவள் கைபேசியை உயர்த்தினாள். திரையில் எல்லாம் அழகாக வந்து உட்கார்ந்தன. அன்னாசி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. படம் எடுத்தாள். ‘அனுப்பு’ என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனவளின் பார்வை, படத்தின் ஓரத்தில் நின்றது.

கட்டைவிரலில் கறுப்பு நூல்.

சிக்னல் ஒரே ஒரு கோட்டில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் நாத்தனாரின் படத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். “அண்ணே... இது?”

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட, இவங்களா! இதே வரிசைதாம்மா, இவங்களுக்கும் ஆப்பிள்தான் வந்துச்சு. ‘என் தம்பி பொண்டாட்டி வாயால ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு வரணும் அண்ணே’ன்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டே இந்த வண்டியை உள்ள தள்ளிட்டு வந்தாங்க... ஆமா, அந்தப் பொண்ணு கடைசியில சொல்லிச்சாம்மா?”